லிக்கொரிஸ் கௌராமிக்கு எந்தத் தண்ணீர்? போர்வெல், கேன், ஆர்ஓ, மழை: ஓர் ஒப்பீடு

லிக்கொரிஸ் கௌராமி என்று கடைகளில் சொல்லப்படும் பரோஸ்ப்ரோமெனஸ் பேரினத்து மீன்கள் 3 முதல் 4 சென்டிமீட்டர்தான் வளரும். மலேசியத் தீபகற்பம், சுமத்ரா, போர்னியோ, இடையில் உள்ள பங்கா, பிந்தான் போன்ற தீவுகள்தான் இவற்றின் சொந்த ஊர். அங்குள்ள சதுப்புக்காடுகளில் இலையும் வேரும் காலங்காலமாக மட்கிப் படிந்து பீட் என்ற கரிய மண்ணாகி இருக்கும். அதன் மேல் தேங்கும் நீர் பால் விடாத டீ நிறத்தில் இருக்கும்; கறுநீர் என்பது இதைத்தான். அந்த நீரில் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; குறையக் குறைய அமிலம் கூடும்) 4-ஐ ஒட்டியும், சில இடங்களில் அதற்குக் கீழும் போகும். கரைந்த உப்பு ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். பாமாயில் தோட்டங்களுக்காக அந்தக் காடுகள் வடிக்கப்பட்டு அழிந்துவருவதால், சிலாங்கூரின் ஹார்வேயி, ஜொகூரின் ட்வீடியே போன்ற இனங்களுக்கு இயற்கையில் மிஞ்சியிருக்கும் இடம் மிகக் குறைவு. ஆகவே இதை வாங்குகிறவர் சாகவிடாமல் வைத்திருந்தால் மட்டும் போதாது, குஞ்சு எடுக்கவும் முயல வேண்டும்.

மீன் கிடைத்துவிட்டது, தண்ணீருக்கு என்ன செய்வது என்பதில்தான் பலரும் சிக்கிக்கொள்கிறார்கள். போர்வெல் தண்ணீரில் பிஎச் குறைக்கும் திரவம் ஊற்றலாமா, கேன் தண்ணீர் போதுமா, தனியாக ஆர்ஓ போட வேண்டுமா, மழைநீர் பிடிக்கலாமா? நான்கையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்ப்போம்.

## எதை வைத்து எடைபோடுவது

கரைந்த உப்பு. டிடிஎஸ் மீட்டர் காட்டும் எண். வளர்ந்த மீன் நலமாக இருக்க 50 பிபிஎம்-க்குக் (லிட்டருக்கு மில்லிகிராம்) கீழ் வேண்டும். முட்டை பொரிய 20-க்குக் கீழ் இருந்தால் நல்லது. மின்கடத்துதிறனை மைக்ரோசீமென்ஸில் சொல்லும் குறிப்புகளைப் படித்தால் பாதியாக்கிக்கொள்ளுங்கள்: 40 மைக்ரோசீமென்ஸ் என்பது ஏறத்தாழ 20 பிபிஎம்.

கார்பனேட் கடினம். சுருக்கமாகக் கேஎச். இது பூஜ்யத்தை ஒட்டி இருந்தால்தான் இலையும் பீட்டும் பிஎச்சைக் கீழே இறக்கும். கேஎச் இருக்கும் தண்ணீரில் எத்தனை இலை போட்டாலும் நிறம்தான் மாறும்.

மீட்டருக்குத் தெரியாத நஞ்சு. குளோரின், குளோரமைன், செம்பு, துத்தநாகம். உப்பு குறைந்த மென்மையான அமில நீரில் உலோக நஞ்சு மீனைக் கடுமையாகத் தாக்கும்.

ஆண்டு முழுவதும் ஒரே தரத்தில் கிடைக்குமா? ஒரு மாதம் நல்ல தண்ணீர், அடுத்த மாதம் வேறு தண்ணீர் என்றால் இந்த மீன் தாங்காது.

மறைந்திருக்கும் செலவு. வீணாகும் தண்ணீர், மாற்ற வேண்டிய பாகங்கள், சுமக்கும் உழைப்பு.

இனத்தைப் பொறுத்து இலக்கு கொஞ்சம் மாறும். லிங்கெய், ஃபிலமென்டோசஸ் இரண்டும் பிஎச் 5 முதல் 6 வரை சமாளிக்கும். முதல்முறை வளர்ப்பவருக்கு அவையே நல்லவை. ஆர்னடிகாடா, பார்வுலஸ் போன்ற மிகச் சிறியவை விட்டுக்கொடுக்காது. கடையில் 'டைஸ்னெரி' என்று எழுதியிருந்தால் நம்பிவிடாதீர்கள். மீனியலாளர் பிளீக்கர் 1859-இல் விவரித்த அசல் டைஸ்னெரி பங்கா தீவுக்கு உரியது. அந்தப் பெயரில் விற்கப்படுவது பெரும்பாலும் பிந்தான் இனம் அல்லது கலப்பாக வந்த வேறு இனம். 1998-இல் கொட்டெலாட், பீட்டர் இங் என்ற இரு மீனியலாளர்கள் இரண்டையும் பிரித்துக் காட்டிய பிறகும் கடைப் பெயர் மாறவில்லை. கையில் இருப்பது எந்த இனம் என்று தெரியாதபோது கடுமையான இலக்கையே வைத்துக்கொள்ளுங்கள்.

## ஆண்டுக்கு எவ்வளவு தண்ணீர் தேவை

இந்தக் கணக்கைப் போடாமல்தான் பலர் பெரிய ஆர்ஓ வாங்கிவிடுகிறார்கள். ஒரு ஜோடிக்கு 25 லிட்டர் தொட்டி போதும். வாரம் 10 சதவீதம் மாற்றினால் 2.5 லிட்டர், ஆண்டுக்கு 130 லிட்டர். மூடிபோட்ட தொட்டியில் ஆவியாவது வாரம் அரை லிட்டர் என்றால் இன்னும் 26. கோடையில் மூன்று மாதம் தொட்டியின் மேல் சிறிய ஃபேன் ஓடினால் நாளுக்கு அரை லிட்டர் வீதம் 45. முதல்முறை நிரப்ப 25. மொத்தம் சுமார் 225 லிட்டர்.

இது ஒரு நீல டிரம்மும் ஒரு கேனும் கொள்ளும் அளவு, அவ்வளவுதான்.

ஃபேன் தேவைப்படுவதற்குக் காரணம், மீன் விரும்பும் வெப்பம் 22 முதல் 26 டிகிரி. சென்னையின் மே மாதத்தில் வீட்டுத் தொட்டி 31, 32-க்கு ஏறிவிடும். ஃபேன் காற்றில் தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு தொட்டியிலேயே நிற்கும். ஆகவே குறைந்ததை ஈடுசெய்ய ஊற்றுவது எப்போதும் உப்பே இல்லாத தண்ணீராக இருக்க வேண்டும்.

## ஒன்று: குழாய் அல்லது போர்வெல் தண்ணீரும் அமிலமும்

மலிவானது, கையருகே இருப்பது. ஆனால் நான்கில் இதை மட்டும்தான் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

ஒரு போர்வெல் தண்ணீரில் காரத்தன்மை (பைகார்பனேட்டால் வருவது, கேஎச் அளப்பதும் இதையே) லிட்டருக்கு 250 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் இது அசாதாரணமான எண் இல்லை. பிஎச் குறைக்கும் திரவத்தை விட்டதும் பிஎச் இறங்கும். அமிலம் பைகார்பனேட்டோடு சேர்ந்து கரியமில வாயுவாகிறது. வாயு வெளியேறியதும் மிச்சமிருக்கும் பைகார்பனேட் பிஎச்சை மறுபடி மேலே தள்ளும். காலையில் 5.5, மாலையில் 7.5. மறுநாளும் ஊற்றுவீர்கள். மீன் தினமும் இந்த ஏற்ற இறக்கத்தில் அடிபடும்.

பைகார்பனேட் முழுவதும் தீரும்வரை ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் பிஎச் இறங்கி நிற்கும். ஆனால் அந்த ஒரு லிட்டரில் சுமார் 177 மில்லிகிராம் குளோரைடு புதிதாகச் சேர்ந்திருக்கும். கால்சியம் ஒரு துளியும் குறைந்திருக்காது. பிஎச் மீட்டருக்குக் கறுநீர், முட்டைக்கோ அதே போர்வெல் நீர். பாஸ்பாரிக் அமிலம் என்றால் பாசி கூடுதலாக வரும். எலுமிச்சைச் சாறும் வினிகரும் இன்னும் மோசம்: பாக்டீரியா அவற்றைத் தின்று பெருகி நீரைக் கலங்கடிக்கும், தின்று முடித்ததும் பைகார்பனேட் திரும்ப உருவாகி பிஎச் பழைய இடத்துக்கே வந்துவிடும்.

விதிவிலக்கு உண்டு. கோவையில் சிறுவாணித் தண்ணீர் வரும் பகுதிகள், நீலகிரி, கொடைக்கானல் போன்ற இடங்களில் குழாய் நீரே மென்மையாக இருக்கலாம். மலேசியாவிலும் பல ஊர்களில் அப்படித்தான். டிடிஎஸ் 40-க்குக் கீழும் கேஎச் 1-க்குக் கீழும் இருந்தால், குளோரினை நீக்கிவிட்டு நேராகப் பயன்படுத்தலாம். சிங்கப்பூர்க் குழாய் நீரில் இருப்பது குளோரமைன். ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின்போல் பறந்துபோகாது, நீக்கும் மருந்து கட்டாயம் வேண்டும்.

## இரண்டு: கேன் தண்ணீர், வீட்டு ஆர்ஓ

20 லிட்டர் கேன் 30, 40 ரூபாய்க்குக் கிடைக்கும் ஊர்களில் இது கவர்ச்சியான வழி. சிக்கல், கேனுக்குக் கேன் தரம் மாறுவது. ஒரே கம்பெனி கேனில் இந்த வாரம் 25, அடுத்த வாரம் 90 காட்டும். குடிக்கச் சுவையாக இருப்பதற்காகத் தாது உப்பு சேர்ப்பவர்களும் உண்டு. மனிதர் குடிக்க அது நல்லதுதான். இந்த மீனுக்கு அதுவே இடைஞ்சல். எனவே ஒவ்வொரு கேனையும் திறந்ததும் அளக்க வேண்டும். 50-ஐத் தாண்டினால் சமையலுக்கு அனுப்பிவிடுங்கள்.

வீட்டு ஆர்ஓ சுத்திகரிப்பானில் வேறொரு சங்கதி. மெம்பரேன் என்ற வடிகட்டும் சவ்வு நன்றாக வேலை செய்தாலும், அதற்குப் பிறகு டிடிஎஸ் கன்ட்ரோலர் என்ற சின்ன வால்வு சுத்திகரிக்காத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும். மினரல் அல்லது ஆல்கலைன் கார்ட்ரிட்ஜ் இருந்தால் கால்சியமும் பிஎச்சும் ஏறும். குழாயில் பிடித்தால் 80, 100 காட்டுகிற மெஷினில், மெம்பரேனின் வாயிலிருந்தே பிடித்தால் 25 காட்டலாம். மெம்பரேனுக்கும் இந்தப் பாகங்களுக்கும் இடையில் ஒரு டி கனெக்டர், கால் அங்குல டியூப், ஒரு சின்ன வால்வு போட்டுவிட்டால் மீனுக்குத் தனி வழி கிடைத்துவிடும். சர்வீஸ் செய்பவரிடம் சொன்னால் பத்து நிமிட வேலை.

கேன் வழி யாருக்கு? வாடகை வீட்டில், மாடியில், மழை பிடிக்க இடமில்லாமல் ஒரே ஒரு தொட்டி வைத்திருப்பவருக்கு. அதிலும் லிங்கெய் போன்ற பொறுத்துப்போகும் இனமாக இருந்தால். குஞ்சு எடுக்கும்போது மட்டும் இதைவிடத் தூய்மையான தண்ணீரைக் கலந்து இறக்க வேண்டியிருக்கும்.

பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் டிடிஎஸ் 0 காட்டும். அமில கேனையே கழுவி நிரப்பித் தரும் கடைகளும் இருப்பதால், சீல் உடையாத புது பாட்டிலாக இல்லாவிட்டால் தொடாதீர்கள்.

## மூன்று: மீனுக்கென்று ஆர்ஓவும் டிஐ ரெசினும்

ஆர்ஓ மெம்பரேன் உப்பில் 90 முதல் 95 சதவீதத்தைத் தடுக்கும். உள்ளே போகும் தண்ணீர் 800 என்றால் நல்ல மெம்பரேனிலும் 40 வெளியே வரும். அதை, மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் கலப்பு ரெசின் மணிகள் நிரம்பிய டிஐ குடுவை வழியாக விட்டால் 0 அல்லது 1. நான்கு வழிகளில் மிகத் தூய்மையான, நாள்தோறும் மாறாத தண்ணீர் இதுதான்.

இதன் செலவு வாங்கும் விலையோடு முடிவதில்லை. ஒரு லிட்டர் நல்ல நீருக்கு மூன்று லிட்டர் கழிவுநீர் போகும். அதை வீடு துடைக்க, கழிப்பறைக்கு எடுத்துக்கொள்ளலாம், உப்பு அதிகம் என்பதால் செடிக்கு வேண்டாம். முன்னால் இருக்கும் கார்பன் ஃபில்டரை நேரத்தில் மாற்றாவிட்டால் குளோரின் மெம்பரேனை அரித்துவிடும். ரெசின் எவ்வளவு நாள் வரும் என்பது உள்ளே வரும் உப்பைப் பொறுத்தது. 50 பிபிஎம் தண்ணீரென்றால் ஒரு லிட்டர் ரெசின் ஏறத்தாழ 400, 500 லிட்டருக்குத் தாங்கும். போர்வெல் நீரை ஆர்ஓ இல்லாமல் நேராக ரெசினுக்கு விட்டால் 30, 40 லிட்டரிலேயே தீர்ந்துவிடும். வெளியே வரும் நீர் 2 பிபிஎம்-ஐத் தாண்டியதும் ரெசினை மாற்றிவிடுங்கள். தீர்ந்த ரெசின் தான் பிடித்துவைத்ததை மொத்தமாக விட்டுவிடக்கூடும்.

ஒரு தொட்டிக்கு இது வீண்செலவு. நான்கைந்து தொட்டிகளில் வெவ்வேறு இனங்களை வைத்து, தொடர்ந்து குஞ்சு எடுப்பவருக்கு இதுவே சரி.

## நான்கு: மழைநீர்

சதுப்புக்காட்டுக் கறுநீரும் மழைநீர்தான். இலையில் ஊறிய மழைநீர். சுத்தமாகப் பிடித்த மழையில் டிடிஎஸ் பெரும்பாலும் 5 முதல் 20, கேஎச் பூஜ்யம்.

சென்னையின் ஆண்டு மழை சுமார் 1400 மில்லிமீட்டர்; அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர். 3 மீட்டருக்கு 3 மீட்டர் தார்ப்பாய் கட்டினால் 25 மில்லிமீட்டர் மழையில் 225 லிட்டர். மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள்: ஒரு தொட்டிக்கு ஓர் ஆண்டுத் தண்ணீர், ஒரே ஒரு நல்ல மழையில் கிடைத்துவிடுகிறது. இதை விட்டுவிட்டு, வாசலில் மழை ஓடும்போதே உள்ளே ஆர்ஓ மெஷினை ஓடவிடுகிறவர்கள்தான் அதிகம்.

பிடிக்கும் முறையில்தான் நல்லதும் கெட்டதும். மொட்டைமாடி நீர் வேண்டாம். சிமெண்டும் சுண்ணாம்பும் கரைந்து கேஎச்சை ஏற்றிவிடும். புறா, காக்கை எச்சம் வேறு. ஜிங்க் தகரக் கூரையில் துத்தநாகம் இறங்கும். புது தார்ப்பாயைக் கழுவி, நடுவில் தொய்வு விட்டு நான்கு மூலையும் கட்டி, தொய்வில் ஒரு துளை போட்டு அதில் குழாய் பொருத்துங்கள். துளையின் மேல் நைலான் வலை.

பல நாள் வெயிலுக்குப் பிறகு பெய்யும் முதல் மழையைப் பிடிக்காதீர்கள். தீபாவளிப் புகைக்கு அடுத்து வரும் மழையையும். மழை பிடித்த நாளிலும் முதல் 20 நிமிடத்தை ஓடவிட்டு, பிறகு டம்ளரில் பிடித்து அளந்து, 20-க்குக் கீழ் வந்ததும் டிரம்முக்குத் திருப்புங்கள். கடற்கரைக்கு அருகில் காற்றோடு வரும் மழையில் உப்பு ஏறியிருக்கும், அங்கே அளந்து பார்ப்பது முக்கியம். ஆலைப் புகை சூழ்ந்த பகுதி என்றால் இந்த வழியையே விட்டுவிடலாம்.

சேமிக்க உணவுத்தரமான நீல டிரம். பழைய டிரம் வாங்கினால் முன்பு என்ன இருந்தது என்று கேட்காமல் வாங்கக்கூடாது. வெளிச்சம் பட்டால் பாசி, திறந்திருந்தால் ஏடிஸ் கொசு. வலையும் மூடியும் இரண்டும் வேண்டும். தொட்டிக்கு எடுக்கும் முன் ஒரு பிடி ஆக்டிவேட்டட் கார்பனைத் துணிப்பையில் கட்டி வாளியில் போட்டு, ஏர் பம்ப்பை ஓர் இரவு ஓடவிடுங்கள்.

இதன் உண்மையான குறை, மழை பொய்த்த ஆண்டு. அதற்காகத்தான் கேனோ ஆர்ஓவோ துணைக்கு வேண்டும். ஆண்டு முழுவதும் மழை பெய்யும் மலேசியாவில் அந்தக் கவலையும் பெரிதாக இல்லை.

## ஒரே பார்வையில்

| | டிடிஎஸ் (பிபிஎம்) | கேஎச் | மறைந்த செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| குழாய், போர்வெல் + அமிலம் | குறையாது | திரும்ப ஏறும் | மீன் | இயல்பிலேயே மென்மையான நீர் உள்ள ஊர்களில் மட்டும், அமிலமின்றி |
| கேன், வீட்டு ஆர்ஓ | 25–100, மாறும் | குறைவு | ஒவ்வொரு முறையும் அளப்பது, சுமை | வாடகை வீடு, ஒரு தொட்டி, பொறுக்கும் இனம் |
| ஆர்ஓ + டிஐ | 0–2 | 0 | கழிவுநீர், மெம்பரேன், ரெசின் | பல தொட்டி, தொடர் இனப்பெருக்கம் |
| மழைநீர் | 5–20 | 0 | சேமிக்க இடம், கொசுக் காவல் | ஒன்று முதல் மூன்று தொட்டி, திறந்தவெளி உள்ளவர் |

## எந்த நீரானாலும் கறுநீராக்குவது

கேஎச் பூஜ்யமான நீரில் 10 லிட்டருக்கு ஒரு பெரிய வாதாங்கொட்டை மர இலை, மரத்திலேயே பழுத்து விழுந்து காய்ந்தது, போட்டால் சில நாளில் பிஎச் 5.5-ஐ ஒட்டி வரும். மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை புது இலை சேர்த்து, பழையதை நரம்பாகும்வரை கிடக்கவிடுங்கள். குஞ்சுகள் அதில் படியும் நுண்ணுயிரைத் தின்னும். இன்னும் இறக்க வேண்டுமென்றால் ஸ்பாக்னம் என்ற பாசி மட்கிய பீட்: 10 லிட்டருக்கு ஒரு கைப்பிடி, நைலான் சாக்ஸில் கட்டி வாளியில் ஒரு வாரம். உரம் கலக்காததா என்று பார்த்து வாங்குங்கள்.

செடிக்கடையில் "பீட்" என்று கேட்டால் கோகோபீட்டை எடுத்துத் தருவார்கள். அது தென்னை நார்த்தூள், பொட்டாசியமும் சோடியமும் நிறைந்தது. ஒரு கைப்பிடியே டிடிஎஸ்ஸை நூறுகளில் ஏற்றிவிடும். பெயர்க் குழப்பத்தில் பாடுபட்டுச் சேர்த்த தண்ணீர் பாழாகிவிடும்.

உப்பில்லா நீரில் பிஎச் மீட்டர் தடுமாறும். 4.0, 7.0 கரைசல்களில் சரிசெய்து, நீரை மெல்லக் கலக்கி, எண் நிலைக்க இரண்டு மூன்று நிமிடம் காத்திருங்கள். டீ நிற நீரில் நிறம் பார்க்கும் சொட்டுமருந்துச் சோதனையை நம்ப முடியாது.

டிடிஎஸ் காரணமின்றி ஏறினால் இரண்டைச் சந்தேகப்படுங்கள். ஒன்று, தரையில் போட்ட மணல். ஒரு சொட்டு வினிகர் விட்டால் நுரைத்தால் அதில் சுண்ணாம்பு உண்டு. மற்றது, இரையாகப் போடும் ஆர்டீமியா என்ற உப்புநீர் இறால் குஞ்சு. இந்த மீன் உயிருள்ள இரையைத்தான் நம்பி வாழும் என்பதால் ஆர்டீமியாவைத் தவிர்க்க முடியாது. பொரித்த உப்புநீரோடு சேர்த்து ஊற்றாமல், மெல்லிய வலையில் வடித்து நல்ல நீரில் இரண்டு முறை அலசிவிட்டுப் போடுங்கள்.

## நல்ல தண்ணீர் தீர்ந்துபோனால்

பெரும்பாலான சாவுகள் நிகழ்வது இங்கேதான். பிஎச் 6-க்குக் கீழே கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா மந்தமாகிவிடும்; அம்மோனியா, தீங்கு குறைந்த அம்மோனியம் வடிவில் தொட்டியில் சேர்ந்துகொண்டே இருக்கும். 28 டிகிரியில் பிஎச் 6-இல் அதில் 0.1 சதவீதம்கூட நஞ்சு வடிவில் இருக்காது. பிஎச் 8-இல் 6, 7 சதவீதம். அவசரத்துக்கு ஒரு வாளி போர்வெல் நீரை ஊற்றினால் பிஎச் ஏறி, அதுவரை அடங்கிக் கிடந்தது ஓரிரு மணி நேரத்தில் மீனின் செவுளை எரித்துவிடும்.

தண்ணீர் இல்லையென்றால் மாற்றாமல் விடுங்கள். இரையைப் பாதியாக்கி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுங்கள். மூடியை இறுக்கி ஆவியாவதைக் குறையுங்கள். ஸ்பாஞ்ச் ஃபில்டரைப் போர்வெல் நீரில் கழுவாமல், தொட்டி நீரிலேயே பிழிந்து போடுங்கள். இப்படி மூன்று வாரம்வரை ஓட்டலாம். புது நீர் வந்ததும் ஒரே நாளில் பாதியை மாற்றாமல், மெல்லிய ஏர் பம்ப் டியூபில் முடிச்சுப் போட்டு, சொட்டுச் சொட்டாக நாளுக்கு ஒன்றரை லிட்டர் வீதம் ஐந்து நாள் விடுங்கள்.